கிருத்திகைப் புளிச்சோறு

அத்தியாயம் 11

"வளையல் மட்டும் கொண்டாங்க சம்பந்தி. சோறு நாங்க பாத்துக்கறோம்."

மகளின் மாமியார் பத்மா போனில் இதைச் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. தேவசேனாவின் காதை விட்டு அது இன்னும் போகவில்லை. சண்டைக்காரக் குரலில் சொல்லியிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். சம்பந்தியம்மாவோ தேனாகப் பேசினாள். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? கடை வேலையே சரியா இருக்கும்" என்று கரிசனத்தோடு வேறு சேர்த்துக்கொண்டாள்.

கடை வேலையா? அந்தக் கடைக்குத்தான் ஈ, காக்காய் வருவதில்லையே!

திருத்தணி மலையடிவாரத்தில், படிக்கட்டுக்குப் போகிற தெருவில், தேவசேனாவும் அவள் கணவன் குமரவேலும் கலந்த சோறு விற்கிறார்கள். எலுமிச்சை, தேங்காய், தயிர், எல்லாவற்றுக்கும் மேலே புளிச்சோறு. மந்தாரை இலையில் கட்டிய அந்தப் பொட்டலத்தைப் பிரித்தால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அப்படி இருந்த கடைதான். போன மாதம், ஊருக்கு வெளியே யாரோ ஒருவர் கடையில் முந்தின நாள் சோற்றை வாங்கித் தின்று, ஒரு வேன் நிறைய வந்த பக்தர்கள் சுருண்டு படுத்துவிட்டார்கள். அதை எவனோ போனில் படம் பிடித்தான். படத்தில் கடையின் பெயர் தெரியவில்லை. பச்சைத் துணிப் பந்தலும் ஒரு பித்தளை அண்டாவும்தான் தெரிந்தன. இவர்கள் கடையிலும் பச்சைப் பந்தல்தான், பித்தளை அண்டாதான்.

அதிகாரி வந்தார், சோற்றை எடுத்துப் போனார், பத்து நாள் கழித்து "குறை ஒண்ணும் இல்லம்மா" என்றார். அவர் சொன்னதை யாரும் படம் பிடிக்கவில்லை.

வியாபாரம் இன்றைக்குப் போகும், நாளைக்கு வரும் என்று தேவசேனா தேறிக்கொள்ளக்கூடியவள்தான். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை அரக்கோணத்தில் மகள் கவிப்பிரியாவுக்கு வளைகாப்பு, வளையல் அடுக்குகிறார்கள். வளையல் போட்டு முடிந்ததும் பெற்றவள் கொண்டுபோன கட்டுச்சோற்றைப் பிரித்து, பெற்றவள் கையாலேயே முதல் வாய் ஊட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துவருவது. மூன்று வருஷம் காத்திருந்து தங்கிய கரு. ஊருக்கெல்லாம் பொட்டலம் கட்டிக்கொடுத்த கை, சொந்த மகளுக்கு ஒரு வாய் ஊட்ட வழியில்லாமல் வளையல் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போய் நிற்பதா?

இப்படி இருக்கும்போதுதான் கிருத்திகை வந்தது.

*

விடியும்போதே தெருவில் அரோகரா சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. தேவசேனா புளிக்காய்ச்சலைக் கிளறிக்கொண்டிருந்தாள். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நின்றது. வெந்தயப் பொடியைத் தூவி மோந்து பார்த்தாள். கிருத்திகைச் சமையலில் அவள் நாக்குக்கு வேலை கிடையாது, மூக்குக்குத்தான். கவிப்பிரியா உண்டானதாகத் தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு கிருத்திகையும் சாயங்காலம் விளக்கு வைக்கும்வரை பச்சைத் தண்ணீர் தவிர வேறு எதையும் அவள் வாயில் வைப்பதில்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும்வரை இருக்கிறேன் என்று முருகனிடம் சொன்ன சொல்.

உப்புப் பார்க்க வேண்டியது குமரவேல். அவனோ கல்லைப் போட்டுக் கொடுத்தாலும் "நல்லா கீது" என்று சொல்லிச் சாப்பிடுகிற மனுஷன்.

அந்த மனுஷன் இப்போது ஒரு சுருட்டிய பேனரைத் தோளில் சாத்திக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை நடையில் வந்தான்.

"இன்னாங்க அது?"

"பிரிச்சி காட்றேன் பாரு. அசந்துடுவ."

பிரித்தான். அவள் அசந்துதான் போனாள். கை கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தான் குமரவேல், ஆளுயரத்துக்கு. பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'வேன் பக்தர்கள் சாப்பிட்டு வாந்தி எடுத்த கடை இது அல்ல!' கீழே அதையே தெலுங்கிலும் போட்டிருந்தது.

"ஐயோ, தெரியாதவங்களுக்கும் நாமளே சொல்லிக் குடுக்கறமா?"

"நீ சும்மா இரு. ஒளிச்சி வெச்சாத்தான் சந்தேகம். ஒடைச்சி சொல்லிட்டா தீந்துச்சி."

கடையின் நெற்றியில் அதைக் கட்டிவிட்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று ரசித்துவிட்டு வந்தான். அவன் முகத்தில் ஒரு மாதமாகக் காணாத சந்தோஷத்தைப் பார்த்ததும் அவள் மறுபடி கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கூட்டம் வந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகளும், காவடிக்காரர்களும், கைகோத்து வந்த புதுமணத் தம்பதிகளுமாகத் தெரு நிறைந்தது. பேனரைப் பார்த்து நின்றார்கள். நின்றவர்கள் ஒருவரை ஒருவர் "இன்னா ஆச்சாம்?" என்று கேட்டுக்கொண்டார்கள். போனை எடுத்துத் தேடினார்கள். பச்சைப் பந்தலைப் பார்த்தார்கள், அண்டாவைப் பார்த்தார்கள், எதிர்க்கடைக்குப் போய் சீல் போட்ட பிஸ்கட் பொட்டலம் வாங்கிக்கொண்டு படியேறினார்கள்.

பொதட்டூர்பேட்டை அக்கா வந்தாள். தறிக்கார வீட்டு அம்மா, கிருத்திகை தவறினாலும் தவறாத வாடிக்கை. தேவசேனா பொட்டலத்தைக் கையில் எடுத்தேவிட்டாள்.

"இன்னிக்கி வேணாம்மா" என்றாள் அக்கா, எங்கேயோ பார்த்துக்கொண்டு. "வயிறு சரியில்ல."

அவள் பையின் வாயில் பிஸ்கட் பொட்டலம் எட்டிப் பார்த்தது. தேவசேனா அதைக் காணாதவள்போல, "ஒடம்ப பாத்துக்கோங்கக்கா" என்று சொல்லி அனுப்பினாள். அந்த அக்கா வைதுவிட்டுப் போயிருக்கலாம் என்று இருந்தது.

வெயில் ஏறின பிறகு ஒரே ஒரு குடும்பம் கடைக்குள்ளேயே வந்துவிட்டது. நகரிப் பக்கத்து ஆட்கள். பேச்சில் தெலுங்கும் தமிழும் கலந்திருந்தது. இரண்டு சின்னப் பிள்ளைகள் பசியில் சிணுங்கின. அந்த அம்மாள் பொட்டலத்தை எடுத்து மோந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகுதான் தலையை நிமிர்த்திப் பேனரைப் படித்தாள்.

"நெஜமா இந்தக் கடை இல்லையா?"

"சத்தியமா இல்லம்மா. காலைல ஆக்கின சோறு. எங்க வீட்டுக்கு ஆக்கற மாதிரிதான் ஆக்கறது."

"நீங்க சாப்டீங்களா இத?"

எத்தனை சுலபமான கேள்வி! ஆங் என்று ஒரு வார்த்தை போதும். தேவசேனாவுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

"இல்லம்மா. நான் இன்னிக்கி வெரதம்."

அந்த அம்மாள் பொட்டலத்தை, எடுத்த இடத்திலேயே, நோகாமல் வைத்தாள்.

"பசங்க கீறாங்கம்மா. தப்பா நெனச்சிக்காதீங்க."

அவர்கள் கடைப்படி இறங்கும்வரை பொறுத்திருந்த குமரவேல் பாய்ந்தான். "சாப்ட்டேன்னு சொன்னா இன்னா கொறஞ்சி பூடும்?"

"கிருத்திகை அன்னிக்கி, மலைக்குக் கீழ உக்காந்துகினு பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"அப்ப பொய் வேணாம். கடை வாசல்ல உக்காந்து ஒரு வாய் தின்னு. ஊரே பாக்கட்டும். நான் தின்னா ஓனரு நடிக்கறான்னு சிரிக்கறானுங்க. நீ தின்னா நம்புவாங்க."

"யாருக்காக இருக்கற வெரதம்னு தெரியுமில்ல?"

குமரவேல் நாற்காலியில் ஏறிப் பேனரின் கயிற்றை அவிழ்த்தான். சிரித்த முகத்தை உள்பக்கமாக மடித்துச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு, கூடையில் கொஞ்சம் பொட்டலங்களை அள்ளிக்கொண்டு, "பஸ் ஸ்டாண்டாண்ட போய் பாக்கறேன்" என்று கிளம்பினான். அவன் தோள் தொங்கிப் போய் நடந்ததைத் தேவசேனா தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

பக்கத்தில் இருப்பது பேகத்தின் வளையல் கடை; முழுப் பெயர் சர்வர் பேகம். வெள்ளிக்கிழமைக்கு வேண்டிய கண்ணாடி வளையல்களை அவள்தான் பச்சையும் சிவப்புமாகக் கட்டிவைத்திருந்தாள். இத்தனை வருஷமாக அவளுக்கு மத்தியானச் சாப்பாடு தேவசேனாவின் எலுமிச்சைச் சோறுதான். இன்றைக்கு அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வளையல் பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் டப்பாவைச் சத்தம் வராமல் திறந்தாள்.

தேவசேனா பார்த்துவிட்டாள். பேகமும் அவள் பார்த்ததைப் பார்த்துவிட்டாள்.

"நீயுமா பேகம்க்கா?"

பேகம் டப்பாவை மூடவும் இல்லை, மழுப்பவும் இல்லை. "உன் சோறு சுத்தம்னு எனக்குத் தெரியாதா தேவசேனா? மனசு நம்புது. வயிறுதான் கேக்க மாட்டேங்குது. அந்த வீடியோவ என் மருமவ நாலு தபா போட்டுக் காட்டிச்சி. வாய்கிட்ட கொண்டுபோனா அதுதான் கண்ணுல வருது. நான் இன்னா பண்ண?"

தேவசேனாவுக்குக் கோபம் வரவில்லை. காலையிலிருந்து உண்மையாகப் பேசின முதல் ஆள் இவள்தான் என்று தோன்றியது.

"சாப்பிடுக்கா. ஆறிடப் போவுது" என்றாள்.

அப்போதுதான் ஆட்டோ ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு, மெதுவாக இறங்கினாள் கவிப்பிரியா.

*

"அடிப்பாவி! இந்த வெயில்ல, இந்த வயித்த வெச்சிகினு, தனியாவா வந்த?"

"ட்ரெயின்ல வந்தேம்மா. எடம் குடுத்தாங்க, உக்காந்துகினுதான் வந்தேன்." ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள். "அத்தை மணவூர்ல ஒரு விசேஷத்துக்குப் போயிருக்காங்க. அவங்க வர்றதுக்குள்ள போயிடணும். தையக்காரர்கிட்ட ஜாக்கெட் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். நைனா எங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்காரு. மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரியும். அவர்தான் போய்ட்டு வான்னாரு." கவிப்பிரியா அண்டாவைப் பார்த்தாள். மூக்கு விரிந்தது. கண் மூடிக்கொண்டது. "அம்மா, ராத்திரி தூக்கத்துலகூட இந்த வாசனைதாம்மா வருது. அத்தை தங்கமாப் பாத்துக்கறாங்க. தண்ணிகூட காச்சி, ஆத்தி, மூடி வெச்சித்தான் தர்றாங்க. ஆனா எத தின்னாலும் எனக்குத் தின்ன மாதிரியே இல்ல. ஒரு வாய் புளிச்சோறு குடும்மா."

ஒரு வாரமாக எதற்கு ஏங்கினாளோ அது ஸ்டூல் போட்டு எதிரே உட்கார்ந்திருந்தது. தேவசேனா தட்டைக் கழுவினாள். மந்தாரை இலையைத் துடைத்துப் போட்டாள். அண்டாவின் நடுவிலிருந்து, வேர்க்கடலை நிறைய வரும்படி பார்த்து எடுத்து வைத்தாள். வெள்ளிக்கிழமையாவது, சபையாவது! யார் வேண்டாம் என்றால் என்ன, என் பிள்ளைக்கு நான் இங்கேயே ஊட்டுகிறேன் என்று ஒரு வாய் உருட்டினாள். மகள் வாயைத் திறந்தாள், சின்ன வயதில் திறந்ததுபோலவே, கண்ணையும் மூடிக்கொண்டு.

பாதி வழியில் கை நின்றது.

'நீங்க சாப்டீங்களா இத?'

நகரி அம்மாளின் குரல்தான். சாப்பிடவில்லையே. இன்றைக்கு இந்தச் சோற்றை அவள் நாக்கு தொடவே இல்லையே. புளி எப்போதும் வாங்குகிற கடையில் வாங்கியதுதான். எண்ணெய் புதுசு. அரிசி களைந்தது அவள் கை. எல்லாம் தெரியும். தெரிந்தும், வேனுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்த அந்த முகங்கள் கண்ணுக்குள் வந்து நின்றன. அவற்றில் ஒன்றுக்குக் கவிப்பிரியாவின் ஜாடை இருந்தது. வீடியோவை ஊரார் மட்டுமா பார்த்தார்கள்? அவளும்தானே திரும்பத் திரும்பப் பார்த்தாள்?

கை இறங்கியது. உருட்டிய கவளத்தை இலையிலேயே வைத்தாள்.

"ஆறிப் போயிருக்குது. இரு, சுடச்சுட வடிச்சிக் கலந்து தரேன்."

"புளிச்சோறு ஆறினாத்தான் ருசின்னு நீதானம்மா சொல்லுவ?"

"கொஞ்ச நேரம்டி. ஒலை வெச்சா ஆச்சி."

கவிப்பிரியா கண்ணைத் திறந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். அவள் குரல் சன்னமாகிவிட்டது.

"நீயே நம்பலியாம்மா?"

தேவசேனா தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய்விட்டாள். அரிசியைக் களைகிற சாக்கில் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை வெளியே கேட்காது. ஊர் நம்பவில்லை என்றபோது வராத அழுகை அது. யாரை நொந்துகொள்வது? சம்பந்தியம்மாவுக்கு வந்த பயம்தானே இவளுக்கும் வந்தது? வாடி மகளே, வந்து உட்கார் என்று தவம் கிடந்துவிட்டு, வந்து உட்கார்ந்தவளுக்கு ஊட்டப் போன கையைத் தானே இழுத்துக்கொண்டாளே!

உலை வைத்து, முகம் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது. கவிப்பிரியா வளையல் கடையில் நின்று பேகத்திடம் கை நீட்டிப் பச்சை வளையல் அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் காத்திருந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

"ஒலை கொதிக்குதுடி. இன்னும் கொஞ்ச நேரம்."

"ட்ரெயின் பூடும்மா. இதை விட்டா அத்தை வந்துடுவாங்க." கவிப்பிரியா அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள். மகளின் கை ஈரமாக இருந்தது. "வெள்ளிக்கெழம கட்டுச்சோறு கொண்டா. யாரு இன்னா சொன்னாலும் கொண்டா. நான் கேப்பேன், சபைல கேப்பேன்."

"பசியோட போறியேடி..."

கவிப்பிரியா சிரித்தாள். ஆட்டோ கூட்டத்துக்குள் புகுந்து போனது. முகத்தில் பட்ட ஈரம் காயும்வரை தேவசேனா வாசலிலேயே நின்றாள்.

*

உள்ளே வந்து தட்டை எடுத்தாள். கனமே இல்லை.

மேல் தட்டைத் திறந்தாள். சோறு இல்லை. இலையில் எண்ணெய்ப் பளபளப்பும் ஓரத்தில் ஒட்டிய நாலைந்து பருக்கைகளும்தான் இருந்தன. தட்டின் விளிம்பில் வறுத்த மிளகாய்களும் கறிவேப்பிலையும் வரிசையாக ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தன. பால் பல் விழாத வயதிலிருந்து கவிப்பிரியா அப்படித்தான் ஒதுக்குவாள். எத்தனை திட்டினாலும் கேட்டதில்லை.

குழாயின் சத்தத்தில், அம்மா அழுது முடிப்பதற்குள், பிள்ளை அத்தனையையும் சாப்பிட்டுக் கையும் கழுவியிருக்கிறாள்.

தேவசேனாவுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. ஊரே ஒதுக்கின சோற்றை ஒரு கேள்வியும் கேட்காமல் தின்றுவிட்டுப் போயிருக்கிறாள்! மறு நொடியே போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது. மறுபடி கூப்பிட்டாள். அதேதான் வந்தது.

"முருகா, எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆவக் கூடாது" என்றாள் வாய்விட்டு. "ஆச்சின்னா எனக்கும் சேந்து ஆவட்டும்."

வெயில் இன்னும் தெருவில் இருந்தது. விளக்கு வைக்க நேரம் கிடந்தது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்தாள். இலையில் ஒட்டியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாக வழித்தாள். மகள் ஒதுக்கிய மிளகாயையும் விடவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வாயில் போட்டாள். யாருக்காக இருந்த விரதமோ, அவளுக்காகவே அது முறிந்தது.

உப்பு ஒரு கல் தூக்கல். மற்றபடி அவள் கைச் சோறு எப்போதும் இருக்கிறபடியே இருந்தது. அதைக்கூடச் சொல்லாமல் தின்றிருக்கிறதே அந்தப் பெண் என்று கண் நிறைந்துவிட்டது.

வளையல் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து சர்வர் பேகம் எழுந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலைப்படி இறங்கி வந்துகொண்டிருந்த பக்தர்கள் இரண்டு பேரும் நின்றார்கள்.

போன் அடித்தது. மகளாகத்தான் இருக்கும் என்று பாய்ந்து எடுத்தாள். திரையில் வேறு பெயர் இருந்தது.

சம்பந்தியம்மா.

மணவூரிலிருந்து அதற்குள் திரும்பிவிட்டாளா? மகள் வீடு போய்ச் சேர்ந்தாளா, சேரவில்லையா? கேட்டால் என்ன சொல்வது? கிருத்திகையன்று பொய் வராத வாய் ஆயிற்றே!

போன் விடாமல் அடித்தது. தேவசேனா வாயில் இருந்த மிளகாயை நன்றாக மென்று விழுங்கினாள். பிறகுதான் போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க சம்பந்தி. உங்க மருமவ இங்கதான் வந்திருந்தா. எங் கையால ஆக்கின புளிச்சோறு சாப்ட்டுட்டுத்தான் போயிருக்கா."